முதல் பக்கத்தில் கொலையாளி

ஸ்ரீராம்புரத்தில் மாவு மில்லுக்கு மேலே ஒரு தமிழ்ப் படிப்பகம். ஒருவர் அங்கே என்ன மாதிரிக் கதை எடுக்கிறார் என்று தெரிந்தால் போதும், அவருக்கு ஜாதகமே பார்க்க வேண்டாம். நாற்பத்தாறு அங்கத்தினர்களின் ஜாதகமும் வனஜாவுக்கு மனப்பாடம். பகலெல்லாம் கார்மென்ட்ஸில் சட்டைத் தையல் சரிபார்க்கிற செக்கர் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை இந்த அறையை அவள்தான் பார்த்துக்கொண்டாள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, தானாகத் தலையில் கட்டிக்கொண்டது.

கேத்தரின் டீச்சருக்குக் குடும்பக் கதை. அடுத்த வீட்டுச் சண்டையைச் சுவரில் காது வைக்காமல், உட்கார்ந்த இடத்திலேயே கேட்கலாமாம். டெக் பார்க்கில் லிஃப்ட் ஓட்டும் அர்ஜுனனுக்கு ராஜா கதை. நாள் முழுக்க ‘சார், சார்’ என்று சொல்கிறவன், வீட்டுக்குப் போய் யாராவது ‘யாரங்கே!’ என்று அதட்டுவதைப் படித்தால்தான் சோறு இறங்கும் என்பான். ஐ.டி.யில் இருக்கும் ஷில்பாவுக்குப் பேய்க் கதை. மேனேஜரைப் பார்த்துவிட்டு வந்தபின் பேயைப் படித்தால் மனசு சாந்தமாகிறது என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொன்ன மாதிரியும் தெரியவில்லை.

மிச்சப் பதினோரு பேர் துப்பறியும் கதைக்காரர்கள். வினை வந்தது அங்கேதான்.

இரண்டு மாதமாக யாரோ ஒரு புண்ணியவான் ஒவ்வொரு துப்பறியும் நாவலிலும் முதல் பக்கத்தில், பென்சிலால், கொலையாளியின் பெயரை எழுதிவைத்துக்கொண்டிருந்தான். ‘செய்தது மாமனார்.’ ‘டிரைவர்தான்.’ ‘டாக்டரும் நர்ஸும், இரண்டு பேரும்.’ ஒன்றுகூடத் தப்பில்லை. மாமனாரா இல்லையா என்று இருநூறு பக்கம் தவித்துக் கிடக்க ஆசைப்பட்டவனுக்கு எப்படி இருக்கும்? இலை போட்டுச் சோறு வைத்து, அதில் தண்ணீரை ஊற்றினால் எப்படி இருக்கும்?

கூரியர் கொடுக்கும் சரவணன், “அவன் மட்டும் ஆப்டான், கைய ஒடச்சி அடுப்புல வெப்பேன்” என்றான். ராஜா கதைக்காரர்கள் பொறாமையில் செய்கிறார்கள் என்பது அவன் கட்சி. அர்ஜுனன் அசரவில்லை. “எங்க கதைல யாரு சாவாங்கன்னு ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்துட்டாங்க. நாங்க படிக்கலையா? இதுக்குப் போயி பேஜார் பண்ணிகினு!” என்றான். பதினோரு பேரும் கூட்டம் போட்டார்கள். கார்ப்பரேஷன் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற பெருமாள்சாமி அதற்குத் தலைமை. மேஜையைத் தட்டிப் பேசினார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆள் யாரென்று தெரியாவிட்டால் பதினோரு பேரும் விலகிக்கொள்வது என்று தீர்மானம்.

விலகினால் மிஞ்சுவது முப்பத்தைந்து பேர். நாற்பதுக்குக் கீழே போனால் அறையை டைலரிங் கிளாஸுக்குக் கொடுத்துவிடுவோம் என்று, படிப்பகத்தை நடத்தும் சங்கத்துச் செயலாளர் முன்பே சொல்லிவைத்திருந்தார். பகலெல்லாம் தையலைப் பார்த்துக் கண் பூத்துப்போகிறவளுக்கு இருப்பதே இந்த இரண்டு மணி நேரம். அங்கேயும் தையல் மிஷினா?

படிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைப்பும் அட்டையும் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், படித்ததையே மறுபடி எடுத்துப் போகாமலிருக்க ஒவ்வொருவரும் இருபத்தேழாம் பக்கத்தில் தன் அடையாளத்தைப் போட்டுவைப்பார்கள். ஒருவர் புள்ளி, ஒருவர் நட்சத்திரம். எது யாருடையது என்று யாரும் வெளியே சொல்வதில்லை. கெட்டுப்போன பத்தொன்பது புத்தகங்களையும் வனஜா மேஜையில் பரப்பி, காலர் தையலைப் பார்க்கிற கண்ணால் பார்த்தாள். பத்தொன்பதிலும் தவறாமல் இருந்த அடையாளம் ஒன்றே ஒன்றுதான். பக்க எண்ணைச் சுற்றி ஒரு வட்டம், அதற்கு ஒரு வால்.

வெள்ளிக்கிழமை பெருமாள்சாமி புத்தகம் திருப்பிக் கொடுத்தார். அவர் எதிரிலேயே பிரித்தாள். இருபத்தேழில் வால் வைத்த வட்டம். முதல் பக்கத்தில், ‘தம்பிதான்.’

“அண்ணா, நீங்களா?”

“நான்தாம்மா.”

“மேஜையத் தட்டி அந்தக் கத்து கத்தினீங்களே!”

“கத்தலன்னா சந்தேகம் வரும். எத்தன கத படிச்சிருக்கேன்!”

சிரிப்பதா, நாலு வார்த்தை கேட்பதா என்று வனஜாவுக்குத் தெரியவில்லை. “எதுக்குண்ணா இந்த வேல?” என்றாள்.

பெருமாள்சாமி பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் மனைவி சந்திரம்மா கார்ப்பரேஷனில் தெருக் கூட்டியவள். நாலு வருஷத்துக்கு முன் ஒரு விடிகாலையில், ஒக்கலிபுரம் பக்கம் கூட்டிக்கொண்டிருந்தவளை ஒரு கார் அடித்துவிட்டு நிற்காமல் போனது. இது வனஜாவுக்கும் தெரியும், ஊருக்கே தெரியும்.

“நான் ஓடிப் போய்ப் பாக்கறப்ப ஆறு பேரு நின்னுகினு இருந்தாங்க. வண்டி நம்பர யாராவது ஒருத்தர் பாத்திருப்பாங்கல்ல? இன்னி வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கல. புக்கு படிச்சி முடிச்சா யாரு செஞ்சதுன்னு எனக்குத் தெரிஞ்சிடுது. தெரிஞ்சிகினு எப்டிம்மா சும்மா இருக்கறது? அந்த ஆறு பேரு மாரி நானும் மூடி வெச்சிடட்டுமா?”

வனஜா அந்தப் புத்தகத்தை மற்றப் பத்தொன்பதோடு சேர்த்து வைத்தாள்.

“ஞாயித்துக்கெழம என் பேரச் சொல்லிடு. தெரிஞ்சும் சொல்லாம இருக்காத” என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

சொன்னால் அறை தப்பிக்கும், அந்த மனுஷனைத் துரத்திவிடுவார்கள். சொல்லாவிட்டால் அறையும் போகும், அவர் முகத்தில் விழிக்கவும் முடியாது. சனிக்கிழமை முழுக்க வனஜா இதே நினைப்பில் எத்தனையோ கோணல் தையல்களுக்கு ஓகே போட்டு அனுப்பினாள்.

ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கே பதினோரு பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பெருமாள்சாமி முதல் வரிசை. வனஜா எழுந்து நின்று பெயரைச் சொன்னாள். யாரும் வாய் திறப்பதற்குள் காரணத்தையும் சொன்னாள், அவர் சொன்னபடியே, கூட்டாமல் குறைக்காமல்.

கையை ஒடிப்பேன் என்ற சரவணன் பையில் கையை விட்டான். கூரியர் சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு, பேனா மூடியைக் கழற்றினான்.

“அண்ணா, அப்ப எத்தன மணி?”

பெருமாள்சாமி நிமிர்ந்தார். “அஞ்சே முக்கால்.”

“ரோட்டோரம் எந்தக் கட தொறந்திருந்துச்சு?” என்று இன்னொருவர் கேட்டார்.

“ஒரு டீக்கட. ஒரு பால் பூத்து.”

“போலீஸ் ஸ்டேஷன்ல இதெல்லாம் அப்பவே எழுதிகினு இருப்பாங்களே” என்றாள் வனஜா.

“கையெழுத்து வாங்கினாங்கம்மா. இந்த மாரி யாரும் கேக்கல.”

“பால் பூத்துக்காரன் பேரு? ஊடு எங்க?” சரவணன் எழுதிக்கொண்டே கேட்டான்.

“ஊடு தெரியும். நாலு தபா போயிருக்கேன். வாசல்ல நின்னுட்டுத் திரும்பி வந்துடுவேன். கேக்க நாக்கு எழல.”

சரவணன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். “ஏந்திரிங்க, நாங்க கேக்கறோம்” என்றான்.

பெருமாள்சாமியோடு மற்றப் பத்துப் பேரும் செருப்பை மாட்டினார்கள். மணி ஏழுகூட ஆகவில்லை. வனஜா படிப்பகத்தைப் பூட்டிக்கொண்டு பன்னிரண்டாவது ஆளாகப் பின்னால் நடந்தாள்.