ஒரு தடவைக்கு ஒரு குறை

நாற்காலியில் உட்கார்ந்ததுமே அவருக்கு இடம் பிடிபட்டுவிட்டது. இது ஜனங்கள் வரிசையில் நின்ற இடம். எதிரே மேடை போட்டிருப்பது அவர் முப்பத்தோரு வருஷம் குமாஸ்தாவாக உட்கார்ந்த இடம். பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகமாக இருந்த நூறு வருஷக் கட்டடத்தை எண்பது பேர் உட்காரும் நாடக அரங்கமாக்கிவிட்டார்கள். ஆவண அறையில் இப்போது நடிகர்கள் முகத்துக்குச் சாயம் பூசிக்கொள்கிறார்கள். ஓய்வு பெற்றபின் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர், நாடகம் தன் ஒரே மகளுடையது என்பதால் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மதியக் காட்சிக்கே வந்து முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

இங்கே வந்து போனவர்களிடம் கேட்டுக் கேட்டு மகள் சேர்த்த கதைகள்தான் நாடகம். அவரையும் கேட்டாள். "என்னத்தச் சொல்றது? நாள் தவறாம வேலை பாத்தோம்" என்று முடித்துக்கொண்டார். அங்கே விண்ணப்பம் வாங்க இருந்தவை ஆறு ஜன்னல்கள். அப்பாவுடையது எது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

மூன்றாவது கதையில் மகளே நடித்தாள். புருஷன் இறந்ததைப் பதிய விண்ணப்பத்தை நீட்டுகிறாள். குமாஸ்தா அதைக் கையால் தொடாமல் ஸ்கேலால் இழுக்கிறான். முதல் தவறு கண்ணில் பட்டதும் ஸ்கேலாலேயே திருப்பித் தள்ளுகிறான்.

"சாட்சி கையெழுத்து இல்ல. அடுத்து!"

மறுநாள் வருகிறாள்.

"தேதிய எழுத்தால எழுதல. அடுத்து!"

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. அவருக்குக் காது மடல் சுட்டது. அது அவர் கண்டுபிடித்த முறை. எல்லாக் குறையையும் விளக்கிக்கொண்டிருந்தால் வரிசை நகராது. ஒன்றைச் சொல்லி அனுப்பினால் ஒரே நாளில் நூறு பேரை அனுப்பிவிடலாம். மேலதிகாரி அதற்காகப் பாராட்டிக்கூட இருக்கிறார். அந்த நூறில் பாதிப் பேர் முந்தின நாள் அவரே திருப்பி அனுப்பியவர்கள் என்பது வரிசை நின்ற இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. எழுந்து போய்விடலாம் போலிருந்தது. முதல் வரிசையில் எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள்.

ஏழாவது தடவை மகள் நகராமல் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு அடங்கிவிட்டது. பக்கத்து நாற்காலியில் ஒரு நரைத்த அம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

நாடகம் முடிந்ததும் மகள் நேரே அந்த அம்மாளிடம்தான் வந்தாள். "அப்பா, இவங்க கதைதான்ப்பா அது. ஆன்ட்டி, இது எங்கப்பா."

"நெசமாவே ஏழு தடவையா?" என்றார் அவர்.

"ஒம்போதுங்க. பாக்குறவங்களுக்கு அலுத்துடும்னு பாப்பா ரெண்டக் கொறச்சிருச்சு." அந்த அம்மாள் சிரித்தாள். "அந்தாளு மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல. குனிஞ்ச தலை நிமிரவே மாட்டாரு. ஆனா பொண்ண நல்லா வளத்திருக்கீங்க. மூணு நாள் உக்காந்து, நான் சொன்னத அவ்வளவு பொறுமையா கேட்டுது."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"மூணாம் ஜன்னல்" என்றார்.

"ஆமா, மூணுதான். எந்த ஜன்னல்னு நான் பாப்பாகிட்டகூடச் சொல்லலையே?"

மகள் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். அவர் தலை தானாகக் குனிந்தது. அந்த அம்மாளின் செருப்பு மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்த அது, ஒரு அடி கிட்டே வந்து நின்றது.