ரிவர்ஸ் எடுத்த வேன் அக்கா

பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவள் வேலை. பிள்ளைகள் வைத்த பெயர் வேன் அக்கா. வேன் ஓட்டும் பெரியவர் ஓய்வு பெறப் போகிறார். பள்ளி திறப்பதற்குள் லைசென்ஸ் எடுத்தால் அந்த இருக்கை உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த இருக்கைமேல் அவளுக்கு எத்தனை நாள் ஆசை தெரியுமா!

ஆசை இருந்து என்ன? இரண்டு தடவை தேர்வுக்குப் போனாள். இரண்டு தடவையும் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தை இடித்துவிட்டு வந்தாள். கம்பத்துக்கும் உனக்கும் என்ன பங்காளிச் சண்டையா என்று நாத்தனார் கேட்டபோது அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். பிறகு குளியலறைக்குள் போய், சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மறுநாள் விடிந்ததும் மறுபடி வீட்டுப் பழைய காரை எடுத்தாள். அடிமேல் அடி வைத்தால் அம்மியே நகருமாம், இவள் நகரமாட்டாளா?

கற்றுக்கொடுத்தது கணவர். லேத் பட்டறைக்காரர். இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. வீட்டில் உப்புக் கேட்டாலும் தெருவுக்கே கேட்கும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே வந்தால் ரிவர்ஸில் ஒரு பிசகு வராது.

மூன்றாம் தேர்வு. கணவர் தேர்வு மைதானத்தின் கேட்டுக்கு வெளியே நின்றார். பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி, பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம். ரிவர்ஸ் போட்டாள். வண்டிக்குள் ஒரே நிசப்தம். கண்ணாடியில் அதே கம்பம். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, போன இரண்டு தடவையும் தன் காலை வாரியது இந்த நிசப்தம்தான்.

திட்ட ஆள் இல்லையென்றால் போகட்டும், நம்மை நாமே திட்டிக்கொள்வோம் என்று துணிந்துவிட்டாள். அப்படியே கணவர் குரலில் ஆரம்பித்தாள்.

"மெதுவாடி, மெதுவா. கம்பம் என்ன உன் நாத்தனாரா, அதையே முறைக்கிற? இடது பக்கம் ஒடி. ஒடின்னா ஒடிக்கணும். ஆங், நேராக்கு. நிறுத்து."

வண்டி கோட்டுக்குள் கச்சிதமாக நின்றது. கணவர் ஒரு நாளும் சொல்லாத ஒன்றைக் கடைசியில் அவளே சேர்த்துக்கொண்டாள்.

"சபாஷ்."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். "யாரைம்மா இந்தத் திட்டு திட்டுறீங்க?"

"என்னைத்தான் சார்."

"பரவாயில்லை, சொன்ன பேச்சு கேக்குறீங்க," என்று சொல்லிப் பாஸ் போட்டார்.

வெளியே கணவர் இருந்த நகத்தையெல்லாம் கடித்து முடித்திருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, தான் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் சொன்னாளா என்று விசாரித்தார்.

"நீங்க சொன்னதையும் சொன்னேன், சொல்லாததையும் சொன்னேன்."

"அது என்ன?"

"சபாஷ்னு."

மனிதர் பின்னிருக்கையில் ஏறினார். வழி முழுக்க வாய் திறக்கவில்லை. வீட்டு வாசலில் அவள் ரிவர்ஸ் எடுத்து, இரண்டு சுவருக்கு நடுவே காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பின்னாலிருந்து, தெருவில் ஒருவருக்கும் கேட்காத குரலில், "சபாஷ்டி" என்று வந்தது.

அவளுக்கு அழுகை பொங்கியது. இந்தத் தடவை குழாயைத் தேடிப் போகவில்லை.