பதினான்கு வெள்ளைத் தொப்பிகள்

ரோஸ்லின் கண் விழித்தபோது பக்கத்து இருக்கைக்காரி அவள் மடியில் ஒரு குலுக்கல் சீட்டை வைத்துக்கொண்டிருந்தாள். பரிசு ஒரு தட்டு ஆட்டிறைச்சியாம். புல்தரையில் பந்து உருட்டும் பவுல்ஸ் கிளப்பின் சுற்றுலா என்றால் இறைச்சித் தட்டுக் குலுக்கல் இல்லாமல் வண்டி நகராது, அதில் வியப்பு ஒன்றுமில்லை. சீட்டு வைத்தவளின் முகத்தை இதற்குமுன் பார்த்ததே இல்லை என்பதுதான் இடித்தது. முன்னால் தெரிந்த கழுத்து கணவன் மெர்வுடையது இல்லை. அதற்கு முன்னால் இருந்ததும் இல்லை. வண்டி முழுக்க வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

காலை பத்து மணியிலிருந்து கிளேர் பள்ளத்தாக்கில் மூன்று திராட்சைத் தோட்டங்கள் முடிந்திருந்தன. விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஒயினையும் வாயில் சுழற்றிவிட்டு வாளியில் துப்பினார்கள். நாலு பேர் முன்னால் துப்புவதா என்று கூச்சப்பட்டு ரோஸ்லின் எல்லாவற்றையும் விழுங்கிவைத்தாள். மூன்றாவது தோட்டத்தில் வெளியே வந்தால், யூகலிப்டஸ் மரத்தடியில் ஒரே வாடகை நிறுவனத்தின் இரண்டு வெள்ளை வண்டிகள். இன்னோர் ஊர் பவுல்ஸ் கிளப்பும் அதே உடுப்பில் சுற்றுலா வந்திருந்தது. அவள் கிட்டே நின்ற வண்டியில் ஏறிக் கடைசி இருக்கையில் சாய்ந்தாள். ஓட்டுநர்கள் தொப்பியைத்தான் எண்ணுவார்கள், முகத்தை அல்ல.

"நீங்க எங்க லோர்னாவோட தங்கச்சின்னு நெனச்சோம்," என்றாள் சீட்டுக்காரி. "தூங்குறவங்கள எழுப்பி நீ யாருன்னு எப்படிக் கேக்குறது?"

தொப்பிகள் பதினான்கும் சரியாக இருந்தன என்றார் ஓட்டுநர். அப்படியானால் தங்களில் யாரோ குறையவேண்டுமே என்று பார்த்தார்கள். டாஃப்னி என்பவளைக் காணோம். வண்டி முழுக்கச் சிரிப்பு. ஓட்டுநர் அந்த வண்டி ஓட்டுநருக்குப் பேசி, அடுத்த தோட்டத்தில் ஆளை மாற்றிக்கொள்வதாக முடிவானது. டாஃப்னியின் பெயரைச் சொன்னாரே தவிர, ரோஸ்லினின் பெயரை அவர் கேட்கவே இல்லை.

ரோஸ்லினுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முப்பது வருஷமாகத் தோளில் கிடந்த முடியை வியாழக்கிழமைதான் பிடரி தெரிய ஒட்ட வெட்டிக்கொண்டு வந்திருந்தாள். மெர்வ் செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, தக்காளி சாஸ் எங்கே என்று கேட்டான். இன்று ஞாயிறு. நாற்பது வருஷக் கணவனின் கண்ணுக்குத் தான் இன்னும் தட்டுப்படுகிறோமா என்று மூன்று நாளாக உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. சரி, இப்போது தெரிந்துவிடும். பக்கத்தில் ஆள் இல்லை என்பது உறைத்தால் அழைப்பான். தானாக அழைப்பதில்லை என்று கைபேசியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வழியில் ரயில் தண்டவாளம் வந்தது, வறண்ட ஓடை வந்தது, யாரோ தின்னக் கொடுத்த இறைச்சி பஃப்ஸ் பாதி தீர்ந்தது. அழைப்பு வரவில்லை. கோபம் வந்தது. பிறகு அது கோபமா, குடித்த ரீஸ்லிங் ஒயினா என்றே விளங்கவில்லை. அவன் அழைக்கவேண்டும் என்று நினைக்கிறோமா, அழைக்காமல் மாட்டிக்கொள்ளட்டும் என்று நினைக்கிறோமா? அதுவும் விளங்கவில்லை. அரைமணி நேரம் தாங்கினாள். அதற்குமேல் முடியாமல் அவன் எண்ணை அழுத்தினாள்.

மடியில் இருந்த கைப்பை அதிர்ந்தது.

திறந்தால் உள்ளே மெர்வின் கைபேசி. சத்தத்தை அணைத்து, மூக்குக் கண்ணாடியோடு அவள் பையில் போட்டுவிடுவது அவன் வழக்கம். திரையில் அவள் பெயர். அதற்குக் கீழே, அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து வந்த மூன்று தவறிய அழைப்புகள். ஏதோ விற்பனைக்காரன் என்று மூடிவைத்தாள். அரைமணி நேரம் தன் கைப்பையோடு சண்டை போட்டிருக்கிறோம் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

நாலாவது தோட்டத்தில் அவளுடைய கூட்டத்து வண்டி வந்து நின்றது. டாஃப்னி இறங்கினாள், எல்லாரும் இறங்கினார்கள். மெர்வ் இறங்கவில்லை.

"உன்னத் தேடித்தான் எறங்குனான் ரோஸ்," என்றான் மெர்வின் ஆட்டக் கூட்டாளி காலின். "உன்னக் காணோம்னு சொல்லிட்டுத்தான் போனான்."

"வாய் கூசாம பொய் சொல்லாத," என்றாள் அவன் மனைவி நொரீன். "ஒண்ணுக்குப் போக எறங்குனாரு. நாமதான் மறந்து விட்டுட்டு வந்துட்டோம்."

எண்ணி முடித்த பிறகு இறங்கினால் தான் என்ன செய்யமுடியும் என்றார் அந்த வண்டியின் ஓட்டுநர். இறங்கியதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று ரோஸ்லின் கேட்டதற்கு, வண்டியில் பாடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் இருந்தது என்றான் காலின். அவன் சொன்னதை நம்ப ஆசையாக இருந்தது. ஆனால் அவன் ஒரு வாய் ஒயினைக்கூடத் துப்பியிருக்க மாட்டான்.

ஓட்டுநர் அவளை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பினார். மூன்றாவது தோட்டத்து வாசலில், வெயிலில், மெர்வ் நின்றுகொண்டிருந்தான். கையில் அவளுடைய கம்பளிச் சட்டை. பீப்பாய் அறைக் குளிருக்குப் போட்டுக்கொண்டதை எங்கே கழற்றி வைத்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

"என் போன் உங்கிட்டயா இருக்கு?" என்றான்.

வண்டியிலிருந்து இறங்கிய வேகத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் கேள்வி காதில் விழுந்ததும் அது அப்படியே நின்றுபோனது.

"உள்ள இருக்குற பொண்ணுகிட்ட போன் வாங்கி மூணு தடவ அடிச்சேன். எடுக்கவே இல்ல."

"யாருக்கு அடிச்ச?"

"என் நம்பருக்குத்தான். வேற எந்த நம்பர் எனக்கு மனப்பாடம்?"

"போனத் தேடுனியா, என்னத் தேடுனியா மெர்வ்?"

அவன் உண்மையாகவே யோசித்தான். நெற்றி சுருங்க, அப்படியொரு வித்தியாசம் இருப்பதே இப்போதுதான் தெரியவந்ததுபோல.

"ரெண்டும் ஒரே எடத்துலதான இருக்கும்," என்றான்.

இதற்குக் கோபப்படவேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓட்டுநர் ஒலிப்பானை அடித்தார். கொளுத்துகிற வெயிலில், கேட்காமலேயே, மெர்வ் கம்பளிச் சட்டையை அவள் தோளில் போட்டான். எத்தனையோ வருஷப் பழக்கத்தில், உள்ளே மாட்டிக்கொண்ட முடியை வெளியே எடுத்துவிடக் கழுத்துக்குப் பின்னால் கை போனது. அங்கே முடி இல்லை. அவன் விரல்கள் பிடரியில் அப்படியே நின்றன.