பக்கக் கம்பி

மருத்துவமனைக் கட்டில் விற்பது என் வேலை. சேர்ந்து ஐந்து மாதம் தாண்டியும் ஒரு கட்டில்கூட விற்கவில்லை. ஆறாவது மாதம் முடிவதற்குள் ஒரு ஆர்டராவது கொண்டுவராவிட்டால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வீடு என்பது அக்காவின் வீடு. அவள் பிள்ளைகள் படிக்கிற மேசைக்கும் சுவருக்கும் நடுவில் நான் படுத்துக்கொள்வேன். கட்டில் விற்கிறவளுக்குத் தரைதான் வாய்த்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டுக்குத் தொண்டு செய்யப் போவேன். கையைத் தூக்க முடியாதவர்களுக்கு ஊட்டிவிடுவேன், மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வேன். அங்கே வியாபாரம் பேசுவதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன். அக்காவுக்கு அது பிடிக்கவே இல்லை.

“கட்டில் வாங்குற எடத்துக்கே வாராவாரம் போற. வாயத் தொறக்காம திரும்பி வர்ற. உன்னையெல்லாம் யாரு விக்கிற வேலைக்கு வச்சாங்க?”

சட்டம் என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, உள்ளே வேறொன்றும் இருந்தது. அந்த வார்டில் போட்டிக் கம்பெனி நான்கு கட்டில்களைச் சோதனைக்குப் போட்டிருந்தது. ஒருநாள் நர்ஸ், நோயாளி விழாமல் தடுக்கிற கட்டிலின் பக்கக் கம்பியை இறக்கும்போது அதன் பூட்டில் விரல் மாட்டிக்கொண்டது. அவர் கையை உதறிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். சமயம் வரும்போது எடுத்துப் போடலாம், ஆர்டர் நம் பக்கம் சாயும் என்று கணக்குப் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அதே பூட்டு தையல்கார அக்காவின் வலது ஆள்காட்டி விரலைக் கடித்தது. கால் முறிந்து அந்தக் கட்டிலில் படுத்திருந்தவர். நகம் கறுத்துப்போனது; கையில் பெரிதாகக் கட்டுப் போட்டிருந்தார்கள்.

“காலு கெடக்கட்டும், மெதுவா சேரும். இந்த வெரல்தான் எனக்குச் சோறு போடுது,” என்றார்.

அன்று அவருக்கு ஊட்டிவிட்டேன். அப்போதும் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

எங்கள் விற்பனையாளர் சங்கத்துக்கு மாதம் ஒரு காலைக் கூட்டம். அங்கே யாரும் தன் சரக்கைப் பற்றிப் பேசக் கூடாது. சீட்டுக் குலுக்கி, எடுத்த சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர் சரக்கை இரண்டு நிமிடம் விற்றுக் காட்ட வேண்டும். குறை சொல்லவும் கூடாது. பெயர் அட்டை எழுதுவது, சீட்டு மடிப்பது, நாற்காலி போடுவது எல்லாம் நான்தான். புதிதாக வந்தவளை நாலு பேருக்குத் தெரிய வேண்டுமென்றால் நாற்காலி தூக்கத்தான் வேண்டும்.

அந்த மாத விருந்தினர் பெரிய மருத்துவமனையின் கொள்முதல் அதிகாரி. புது வார்டுக்கு நாற்பது கட்டில் வாங்கப்போகிற அம்மாள்.

என் பெயர் குழாய் விற்பவர் கையில் விழுந்தது. அவர் எழுந்து, “நல்ல கட்டிலு. படுத்தா தூக்கம் வரும்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நான் எடுத்த சீட்டிலோ சாக்லேட்காரர். போட்டிக் கம்பெனியின் ஆள், போகிற ஆபீஸில் எல்லாம் சாக்லேட் நீட்டுவதால் அந்தப் பெயர்.

அவருடைய கட்டிலை அவரைவிட நான் நன்றாகப் படித்திருந்தேன், தோற்கடிப்பதற்காக. அதனால் பேச்சு தடையில்லாமல் வந்தது. தலைப்பக்கம் சத்தமில்லாமல் உயர்வது, மெத்தை உறையை ஒருவரே கழற்ற முடிவது என்று அடுக்கினேன். சாக்லேட்காரருக்கு வாயெல்லாம் பல். அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். இப்படியே முடித்தால் ஆர்டர் சாக்லேட்காரருக்கு. குறை சொன்னால் பொறாமை என்பார்கள். ஆனால் அந்தக் கறுத்த நகம் கண்முன்னால் வந்து நின்றது.

“ஒரே ஒரு விஷயம். பக்கக் கம்பிப் பூட்டு வெரலக் கடிக்குது. உங்க வார்டுலயே ஒருத்தங்களுக்கு நகம் கறுத்துப்போச்சு. அத மாத்திக் குடுக்கச் சொல்லி வாங்குங்க.”

சங்கத் தலைவர் மணியை அடித்தார். சாக்லேட்காரரின் முகம் சிறுத்துப்போனது.

“உங்க கட்டில்ல கொறையே இல்லையா?” என்றார் அதிகாரி.

“இருக்கு மேடம். தள்ளும்போது சக்கரம் கத்தும். தூங்குறவங்க முழிச்சுக்குவாங்க.”

அவர் பேனாவை மூடினார். “ரெண்டு பேரும் சரி பண்ணிக் கொண்டுவாங்க. ரெண்டு மாசம் வார்டுல போட்டுப் பார்த்துட்டு முடிவு சொல்றேன்.”

என்னிடம் இருந்ததோ இருபது நாள். மேலாளர் என்னைக் காய்ச்சி எடுத்தார். அந்த மருத்துவமனைக்குள் எங்கள் கட்டில் நுழைவதே முதல் தடவை என்பதால் மட்டும் இரண்டு மாதம் தவணை கொடுத்தார். சக்கரத்துச் சத்தம் நிற்க ஒரு வாஷரைத் தேடிக் கொடுத்தவர் குழாய் விற்பவர். விற்கத் தெரியாவிட்டாலும் மனிதருக்கு வாஷர் தெரிந்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, வார்டுத் தரையில் சம்மணம் போட்டுச் சாக்லேட்காரர் பூட்டு மாற்றிக்கொண்டிருந்தார். என்னோடு பேசவில்லை. வேலை முடிந்ததும் தன் விரலையே பூட்டில் வைத்தார்.

“எறக்குங்க மேடம். ஆசை தீர எறக்குங்க.”

இறக்கினேன். கண்ணை இறுக மூடிக்கொண்டார். விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தையல்கார அக்கா படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். “இத மொதல்லயே பண்ணியிருக்கக் கூடாதா தம்பி?”

சாக்லேட்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அவருக்குப் போன வாரந்தான் தெரியும்க்கா,” என்றேன். “எனக்குத்தான் முன்னாடியே தெரியும். உங்களுக்கு அடிபடுறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே. வியாபாரத்துக்கு ஒதவும்னு சொல்லாம வச்சிருந்தேன்.”

அவர் என்னையே பார்த்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் சோற்றைப் பிசைந்து கரண்டியை நீட்டினேன். அவர் தட்டைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு, கரண்டியை இடது கையில் வாங்கினார்.

“ஊட்ட வேணாம். நானே சாப்பிட்டுக்கிறேன்.”

நான் எழுந்தேன்.

“எங்க போற? சிந்துனா யாரு தொடைப்பா? உக்காரு.”

துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.