சரியாக இருந்த தேதி

1

முப்பத்தொரு மணி நேரம் அந்தக் கணினி ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது: நிறுவ முடியவில்லை.

இது முதல் வரியாக நிற்குமா என்று தெரியவில்லை. வேறு இரண்டு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன். ஒன்று எங்கள் ஊர் ஜிம்மாவில் பெய்த மழையில் ஆரம்பித்தது. அன்று மழை இல்லை, அடித்துவிட்டேன். இன்னொன்று, "ஜினாஷ் ஒரு பொய்" என்று தொடங்கி அங்கேயே நின்றுபோனது. அவள் சொன்னது பொய் இல்லை. அவள் எதுவுமே சொல்லவில்லை.

கதை எனக்குக் கிடைத்த விதம் இது. அது வெள்ளிக்கிழமை, மறுநாள் மாதா திருநாள். நான் தலை பின்னிக்கொள்ள அஸ்னகெச்சிடம் போயிருந்தேன். அவள் வீட்டின் முன்னறைதான் கடை. திரைக்கு அந்தப் பக்கம் அவள் தங்கை ஜினாஷ் கணினியோடு உட்கார்ந்திருந்தாள். சின்னப் பின்னல் என்றால் அரைநாள் வேலை. தலையை அசைக்கக் கூடாது. காது மட்டும் சும்மா இருக்கும். கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன். கேட்காததை ஜினாஷ் பிறகு சொன்னாள். மிச்சம் என்னுடையது. எந்த இடம் என்று கேட்காதீர்கள்.

2

என்ன போய்விடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வாசிக்கிறவர்களைக் காக்கவைத்து எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

திங்கட்கிழமை ஒரு காப்பி ஆய்வு நிலையத்திலிருந்து ஜினாஷுக்கு மின்னஞ்சல் வந்தது. முதல் வரி: நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள். அதைப் படித்த முகத்தை அஸ்னகெச் பார்த்துவிட்டாள். உடனே வாசலுக்குப் போய்க் குலவையிட்டாள். தெருவே வந்தது. காப்பி வறுத்தார்கள், சோளம் பொரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் மகனுக்கும் அங்கே ஓர் இடம் பார்க்கச் சொல்லிவிட்டு மூன்றாவது கோப்பையை வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது வரி: தகுதித் தேர்வுக்கு. அனுப்பியுள்ள விவரங்களை வைத்து, நாற்பது தோட்டங்களில் காய் நோய் பரவிய விதத்தை வரைபடமாக்கி வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்பவும். அதன்பிறகே வேலை பற்றி முடிவெடுக்கப்படும்.

அத்தனை கோப்பைகளுக்கு நடுவில் இரண்டாவது வரியைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சொல்லலாம் என்று நினைத்தாள். செவ்வாய்க்கிழமை தெரு முழுவதும் அவளை "ஆபீசர்" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது.

(இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. படித்த பெண் இவ்வளவுகூடச் சொல்ல மாட்டாளா? என் தோழி ஒருத்தி இதைப் படித்துவிட்டு, "நம்புற மாதிரி இல்லையே" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போது தெரிந்தது. அப்படியே விட்டிருக்கிறேன்.)

வரைபடம் வராவிட்டால் வேலை போய்விடும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் குலவையிட்டது அக்கா.

3

அந்த மாதிரி வரைபடம் வரைய ஒரு நிரல் தொகுப்பு வேண்டும். இணையத்திலிருந்து இறக்கி நிறுவ ஒரு வரி தட்டினால் போதும். வியாழன் காலை ஜினாஷ் அந்த வரியைத் தட்டினாள். திரையில் சிவப்பு எழுத்து ஓடியது. கடைசி வரி: நிறுவ முடியவில்லை.

மறுபடி தட்டினாள். கணினியை அணைத்துப் போட்டாள். வைரஸ் தடுப்பை நிறுத்தினாள். தன் கைப்பேசி இணைப்பை விட்டு அக்காவின் கைப்பேசி இணைப்புக்கு மாறினாள். பழைய பாடல்களை அழித்து இடம் பண்ணினாள். அந்தத் தொகுப்பு ஓடும் அடிப்படை மென்பொருளையே நீக்கி, பென்டிரைவில் இருந்த பிரதியிலிருந்து மறுபடி ஏற்றினாள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நம்பிக்கை வந்தது, ஏனென்றால்

(இந்த வாக்கியம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. நம்பிக்கைக்குக் காரணம் எழுதப் போனேன். அவளிடம் இல்லை, என்னிடமும் இல்லை.)

(இன்னொரு குறிப்பு. கணினி தெரிந்தவர்கள் கேட்பீர்கள்: உலாவியைத் திறந்திருந்தால் அதுவே காரணத்தைச் சொல்லியிருக்குமே? சொல்லியிருக்கும். அவள் தேடியதெல்லாம் கைப்பேசியில். கணினியில் உலாவியைத் திறந்து டேட்டாவைச் செலவழிக்க மாட்டாள். இது கதாசிரியைக்கு வசதியான சிக்கனம்தான். ஆனால் உண்மை.)

4

வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜினாஷ் அடிஸ் அபாபாவில் இருக்கும் முலுகெனுக்குப் போன் செய்தாள். கல்லூரியில் கூடப் படித்தவன், இப்போது மென்பொருள் வேலை. போன் செய்யலாமா என்று யோசித்ததில் ஒரு பகல் போயிருந்தது.

திரை மெல்லிசு. ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். அவன் முதலில் நலம் விசாரித்தான், பிறகு புதிய வேலைக்கு வாழ்த்தினான். அந்தச் செய்தி அடிஸ் வரைக்கும் போயிருந்தது. ஜினாஷ் இருமினாள். பிழைச் செய்தியைப் படிக்கச் சொன்னான். கடைசி வரியைப் படித்தாள்.

"கடைசி வரிய வச்சு என்ன பண்ண? டாக்டர்கிட்ட போயி 'செத்துட்டேன்'னு மட்டும் சொல்லுவியா? மேலேருந்து படி."

அவள் மேலிருந்து படித்தாள். நடுவில் ஓரிடத்தில் அவனே நிறுத்தினான். அங்கே இருந்தது இதுதான்: மறுமுனையின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை. தொகுப்பைத் தரும் தளம் தான் யார் என்று காட்டும் அடையாளச் சீட்டு அது.

"'இன்னும்'னு போட்டிருக்கா?"

"ஆமா."

"அப்ப தேதிதான் கோளாறு. கம்ப்யூட்டர்ல இன்னைக்கு என்ன தேதி காட்டுது?"

"இருபது, மூணு, ரெண்டாயிரத்துப் பதினேழு."

அவன் தன் பக்கத்துச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஹிதார் இருபது. சரியாத்தானே இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு."

"அப்ப தேதி இல்ல. வேற ஏதோ."

அதை விட்டுவிட்டு இருவரும் அரைமணி நேரம் வேறு ஏதோ ஒன்றைத் தேடினார்கள்.

இந்த உரையாடலில் நான் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. மாற்றத் தோன்றவில்லை. பின்னலுக்குத் தலையைக் கொடுத்திருந்த நானும் அப்போது மனதுக்குள் "சரிதான்" என்றே சொல்லிக்கொண்டேன். வேதியியலில் பட்டம் வாங்கியவள் நான். ஹிதார் எங்களுக்கு மூன்றாம் மாதம். எங்கள் நாட்டு ஆண்டு வெளியுலகத்தின் ஆண்டுக்கு ஏழெட்டு வருடம் பின்னால் நடக்கும். வீட்டுக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று என்று இரண்டையும் சுமந்துகொண்டுதான் திரிகிறோம். சரியாக இருப்பதை யாரும் இரண்டு தடவை பார்ப்பதில்லை.

5

முலுகென் வேலை வந்துவிட்டதென்று போனை வைத்துவிட்டான். ஜினாஷ் கோப்புகளின் பட்டியலைத் திறந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். புதியது மேலே, பழையது கீழே என்று அடுக்கியிருந்தது. காலையில் சேமித்த கோப்புக்கு மேலே, திங்கட்கிழமை இறக்கிய நிலையத்தின் கோப்பு இருந்தது. அதன் பக்கத்தில் 2024 என்று போட்டிருந்தது.

திங்கட்கிழமை எப்படி வெள்ளிக்கிழமைக்கு மேலே வரும்?

திரைக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. பிறகு ஒரு சிரிப்பு. அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. நாங்கள் எல்லாரும் 2017-இல் நிம்மதியாக இருக்கலாம். கணினிக்கு அது ஏழரை வருடத்துக்கு முந்திய ஒரு மார்ச் மாதம். அந்த மார்ச்சில் நின்றுகொண்டு பார்த்தால், போன மாதம் எழுதிய சான்றிதழ் எழுதப்படவே இல்லை. கணினி சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

தேதியை மாற்றினாள். அதே வரியைத் தட்டினாள். இந்தத் தடவை சிவப்பு வரவில்லை. ஒரு கோடு நீண்டுகொண்டே போய் நிரம்பியது. நாற்பது தோட்டங்களும் புள்ளிகளாக வந்து உட்கார்ந்தன. மாலைக்கு இன்னும் நேரம் இருக்கும்போதே அனுப்பிவிட்டாள்.

6

தேதியை மாற்றி வைத்தது யார்? இதற்கு நான் ஒரு பழுதுபார்க்கும் கடைக்காரரைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அவருக்கு மீசைகூட எழுதிவிட்டேன். அவர் தேவைப்படவில்லை. ஜினாஷ் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டதும், அஸ்னகெச் என் தலைக்கு மேலேயே பதில் சொன்னாள்.

"நான்தான். ஏழு வருஷம் கூடுதலா ஓடிட்டிருந்துச்சுடி அது. புதன்கிழமை கல்யாணப் பொண்ணு வந்து தலை பின்ன நாள் கேக்குறா, உன் பெட்டி வேற என்னமோ காட்டுது. பாவம், படிச்ச புள்ள, திருத்த நேரமில்ல போலன்னு நானே திருத்தி வச்சேன்."

"தொடாதன்னு சொன்னேனேக்கா."

"தொடலையே. திருத்தினேன்."

ஜினாஷ் மறுபடி சிரித்தாள். அஸ்னகெச்சும் சிரித்தாள், ஒரு கற்றையைக் கொஞ்சம் அதிகமாகவே இழுத்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. நானும் சிரித்தேன்.

"எப்படியோ அனுப்பிட்டல்ல? முதல் வேலைக்கே இந்தப் பாடுன்னா சம்பளம் கூடக் கேளுடி, ஆபீசர்."

7

சோதனைக்கூடத்தில் நோக்கம், செய்முறை, காணல், முடிவு என்று எழுதிப் பழகியவள் நான். இங்கே நான்காவது தலைப்புக்கு வரும்போது கை நிற்கிறது.

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் நிலையத்திலிருந்து நல்ல பதில் வருகிறது, தெரு மறுபடி காப்பி குடிக்கிறது. இன்னொன்றில் வேலை அவாசாவில் இருக்கும் யாரோ ஒருவனுக்குப் போகிறது. இரண்டுமே அந்த மதியத்துக்குப் பிறகு நடப்பவை. என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த ஆறுதலுக்கும் அந்தப் பதிலுக்கும் சம்பந்தம் இல்லை.

தங்கை கடைசியில் சொன்னதைக் கேட்டு அஸ்னகெச் என்ன சொன்னாள் என்பதையும் உங்களுக்கே விட்டுவிடுகிறேன். எனக்குப் பாதித் தலை மிச்சமிருந்தது, திரும்ப முடியவில்லை. அவள் விரல்கள் நின்றது மட்டும் தெரியும். ஜினாஷ் திரையை விலக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் வந்து நின்றாள். இப்போதுதான் முகம் கழுவியவள் மாதிரி இருந்தாள்.

"அக்கா, எனக்கு வேலை கிடைக்கல. பரீட்சைக்குத்தான் கூப்பிட்டிருந்தாங்க. இப்ப அனுப்பினேனே, அதான் அந்தப் பரீட்சை."