குழாய்க்காரருக்குச் சோபா

குழந்தைகளுக்குப் பண்பு சொல்லித்தரும் வகுப்பை மூன்று வருடமாக நடத்திவந்த டீச்சருக்கு, அன்றுதான் முதல் புகார் வந்தது. ஏழு வயது மாணவியின் அப்பா, ஒரு வக்கீல், கதவைத் தட்டாமல் உள்ளே வந்து டீச்சரின் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நேத்து குழாய் ரிப்பேருக்கு வந்தவனை, 'வாங்க, உக்காருங்க'ன்னு என் சோபாவுல உக்கார வெச்சிருக்கா என் பொண்ணு. தண்ணி வேற கொண்டுவந்து குடுத்திருக்கா."

நின்றபடி கேட்டுக்கொண்டிருந்த டீச்சருக்கு இதில் எது புகார் என்று விளங்கவில்லை. "நல்லாத்தானே நடந்திருக்கா?"

"மரியாதை குடுக்கணும், சரி. யாருக்குக் குடுக்கணும்னு சொல்லித்தர மாட்டீங்களா?"

"அந்தப் பாடம் எனக்கே தெரியாதுங்க" என்றார் டீச்சர்.

வக்கீல் அன்றோடு மகளை நிறுத்திவிட்டார். அவளோ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் கிளம்பினாள். படி துடைத்துக்கொண்டிருந்த வேலைக்கார அம்மாவிடம், ஈரத்தில் கால் வைத்ததற்கு மன்னிப்பும் கேட்டாள். அதற்குள் வாசலில் கார் ஹாரன் பத்துத் தடவை அலறிவிட்டது.

"அப்பாவுக்கு அவசரம். கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

மறுநாளே, பெரியவர்களுக்கும் வகுப்பு உண்டென்று டீச்சர் பலகை வைத்தார். நாலு பேர் விசாரித்தார்கள். நாலு பேருமே பக்கத்து வீட்டுக்காரரைச் சேர்த்துவிடத்தான் கேட்டார்கள்.