சாக்குக்குள் இருந்த முகம்

நாசமாய்ப்போன அந்த வீடியோ முதன்முதலில் வந்தபோது கமலாசனி காறித் துப்பினாள். "சீ, ஆர் பெத்த பிள்ளையள் இப்பிடிப் பொய் சொல்லுறது?" என்று கேட்டாள். பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தது அவளுடைய மகள் ஜெயரூபிதான். அதனால் ஜெயரூபிக்கு அது நல்ல ஞாபகம்.

எங்கேயோ வெளிநாட்டில் இருந்து ஒருத்தன் நடத்துகிற யூடியூப் சனல். யுத்தம் முடிந்த அந்த மே மாதம், பாலம் கடந்த சனத்தை ஆமி வரிசையில் விட்ட இடத்தில், சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு கதிரையில் இருந்த, ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி ஒருத்தனின் மங்கல் படம். அவன் எந்தப் பொடியனைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ, அந்தப் பொடியனைப் புறம்பாக இழுத்துக்கொண்டு போவார்கள். கமலாசனியின் மூத்தவன் விஜிதரனும் அப்படிப் போனவன்தான். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அந்தச் சாக்குக்குள் இருந்தது சுடலைமுத்து என்றான் சனல்காரன். பெயரைச் சொன்னான், ஊரைச் சொன்னான். ஆதாரம் என்று ஒரு மண்ணும் சொல்லவில்லை.

சுடலைமுத்து இவர்களுடைய வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர். தாய் தகப்பன் மலையகத் தோட்டத்தில் இருந்து, கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்த சனம். அன்றைக்கு வரிசையில், சின்னப்பிள்ளையாய் இருந்த ஜெயரூபியைத் தோளில் தூக்கிக்கொண்டு இவர்களுக்குப் பின்னால் நின்றவர் அவர். இதைக் கமலாசனியே எத்தனை தரம் சொல்லியிருப்பாள். ஒவ்வொரு மே மாதமும் செத்த சனத்தை நினைத்துக் கஞ்சி காய்ச்சுகிற இடத்தில், "அந்த மனிசன் இல்லாட்டி எனக்கு இவளும் இல்லை" என்று சொல்லி அழுவாள்.

பிறகு சனம் தொடங்கியது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போகிற பஸ்ஸுக்குள்ளும் இதே கதைதான். "நல்லா யோசிச்சுப் பாருங்கோ அக்கா. பின்னால நிண்டது அவர்தானோ?" என்று வடிவம்மா கிண்டினாள். இன்னொருத்தி குரலைத் தாழ்த்தி, "தோட்டக்காட்டாரை நம்பேலுமே?" என்றாள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து காணி எடுத்த எங்கள் பெரிய மனிசருக்கு அந்த ஒரு சொல் போதும், வேறு சாட்சி தேவையில்லை.

கமலாசனி யோசித்தாள். அதுதான் வினை. பிள்ளையைக் கேட்டுக் கந்தோர் கந்தோராய் ஏறி இறங்கி, ஒரு பதிலும் கிடைக்காமல் காய்ந்துபோன மனம். அதுக்கு முன்னால் ஒருத்தன் ஒரு முகத்தைக் கொண்டுவந்து வைத்தால் விடுமா? முதலில், "பின்னால ஆர் நிண்டதெண்டு வடிவாத் தெரியேல்லை" என்றாள். பிறகு, சாக்கு ஓட்டைக்குள்ளால் தெரிந்த கண் பழகின கண் மாதிரி இருந்தது என்றாள். ஆவணி பிறந்தபோது, "அவன் விஜியைப் பாத்துத்தான் தலையாட்டினவன், என்ர கண்ணால கண்டனான்" என்று அந்தச் சனலுக்கே பேட்டி கொடுத்தாள். அழுதழுது கொடுத்தாள். பொய் சொல்லுகிறவள் அப்படி அழமாட்டாள். அவளுக்கு அது உண்மையாகவே தெரிந்தது. அதைத்தான் ஜெயரூபியால் தாங்க முடியவில்லை.

"அம்மா, அவர் என்னைத் தூக்கிக்கொண்டு நிண்டவர் எண்டு நீங்கள்தானே சொன்னியள்?"

"நான் எப்ப சொன்னனான்? நீ அப்ப சின்னனடி. உனக்கென்ன தெரியும்?"

ஜெயரூபிக்கு விசர் வந்தது. முன்பள்ளியில் படிப்பிக்கிறவள், நாலு எழுத்துப் படித்தவள், இந்தச் சனத்தைப்போல நான் எடுபடமாட்டேன் என்ற திமிரும் அவளுக்கு இருந்தது. வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டாள். நிறுத்தினாள், பெருப்பித்தாள், எங்கே பிழை என்று தேடினாள். இது சுடலைமுத்து மாமாவின் தோளா, இது அவருடைய கையா? ஊரிலேயே அதை ஆகக் கூடத் தரம் பார்த்தவள் அவள்தான்.

மாரிமழையோடு தொடங்குகிற காலபோக நெல் விதைப்புக்கு முந்தின கமக்காரர் கூட்டம் வந்தது. சுடலைமுத்துவின் வயலுக்குக் குளத்துத் தண்ணி விடக்கூடாது என்று கதை எழும்பியிருந்தது. தண்ணி இல்லாமல் வயல் இல்லை. வயல் இல்லாமல் அந்தக் குடும்பம் ஊரில் இருக்கேலாது. கூட்டத்துக்கு முதல்நாள் அவருடைய மனைவி வீரம்மா வேலிக்கரையில் வந்து நின்றாள்.

"பிள்ளை, நீ ஒருக்கா எழும்பிச் சொல்லு. உன்னைத் தூக்கிக்கொண்டு நிண்ட மனுசன் எப்பிடியம்மா அந்தக் கதிரையில இருந்திருக்கேலும்?"

"நான் சொல்லுறன் மாமி. நீங்கள் பயப்பிடாதேங்கோ."

சொன்னபடி எழும்பினாள். தாய் முன்வரிசையில் இருந்தாள். கூட்டத் தலைவர், "கொம்மா சொன்னதை விடு பிள்ளை. உன்னைத் தூக்கினது ஆர்? உனக்கு ஞாபகம் இருக்கிறதைச் சொல்லு" என்றார்.

ஜெயரூபி அந்த நாளுக்குள் போனாள். தோளின் உயரம் வந்தது. வேர்வை மணம் வந்தது. அண்ணாவின் முதுகு தூரப் போனது. தூக்கியிருந்தவரின் முகத்தைப் பார்க்க மனதுக்குள் குனிந்தாள். அங்கே சாக்குத்தான் இருந்தது, கண்ணுக்கு இரண்டு ஓட்டையோடு. திரும்பக் குனிந்தாள், திரும்பவும் வீடியோவில் பார்த்த அதே சாக்கு.

"ஓம், மாமாதான்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு மனிசனைக் காப்பாற்ற அவ்வளவு போதும். ஆனால் தெரிந்ததை மட்டும் சொல்லுகிறவள் என்ற அந்தப் பாழ்படுவான் பெருமை நாக்கைப் பிடித்தது.

"எனக்கு... முகம் வருகுதில்லை" என்றாள். தாய் பெருமூச்சு விட்டாள். வீரம்மா இவளையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

சுடலைமுத்து எழும்பினார். கோபமே இல்லை. "பிள்ளை, அண்டைக்கு உன்ர கால்ல செருப்பில்லை. தார் சுடுகுதெண்டு அழுதனி. அதுதான் நான் தூக்கினனான்" என்றார்.

செருப்பும் ஞாபகமில்லை, தாரும் ஞாபகமில்லை. ஜெயரூபி அந்த மனிசனின் கண்களைப் பார்த்தாள். இதை இவர் ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்று அவளுக்குள் ஒரு கேள்வி வந்தது.